நலம் என்று எழுதிய கடிதம்

என் தம்பி என்னிடம் கேட்டது ஒரே ஒரு காகிதம். "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கண்ணே. உங்களுக்கு என்ன சீக்கு, எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக்கூடாது, எல்லாம் எழுத்துல இருக்கட்டும். இல்லன்னா தொழிலை விட்டு ஒதுங்கிக்குங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றான். நாற்பத்தொன்பது வயதில், கூடப் பிறந்தவனிடம், எனக்கு வலிக்கிறது என்பதற்கு அத்தாட்சி காட்டவேண்டிய நிலை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மலேசியாவில் சிகாமட் என்ற ஊரில் நாங்கள் இருவரும் சேர்ந்து கூடாரம் வாடகைக்கு விடுகிறோம். கெமா என்றால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும். கல்யாணம், சடங்கு, சாவு, எதுவானாலும் தாமான் என்கிற குடியிருப்புகளில் வீடுகளின் முன்னால் பாதிச் சாலையை மறித்து ஒரு கெமா நிற்கும். அதை நிறுத்துவது லேசான வேலை இல்லை. கூரைச் சட்டத்தைத் தரையிலேயே பூட்டி, கன்வாஸை இழுத்துக் கட்டி, ஒரு பக்கத்தை நான்கு பேர் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவேண்டும். அப்படிப் பிடித்திருக்கும்போதே லோரி ஓட்டுநர் ஓடி ஓடிக் கால் குழாய்களைச் சொருகுவார். பிறகு மறுபக்கம். தம்பி, நான், வங்காளதேசத்திலிருந்து வந்த இரண்டு தொழிலாளிகள், ஆக நான்கே பேர். ஒருவன் கை விட்டால் மற்ற மூவருக்கும் ஆபத்து.

வலி தொடங்கி அப்போது நான்கு வருடமாகியிருந்தது. ஒரு காய்ச்சல் வந்து போனது, காய்ச்சலோடு வந்த உடம்பு வலி மட்டும் போகவில்லை. முதலில் கழுத்து, பிறகு தோள், இடுப்பு, தொடை. இன்று இங்கே, நாளை அங்கே என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் ராத்திரி முழுக்க யாரோ என்னை அடித்துப் போட்டதுபோல இருக்கும். சட்டைத் தையல் தோளில் உரசினால்கூட வலிக்கும். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த அசதியைத்தான் பொறுக்க முடியவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துக் குளிப்பாட்டச் சொல்லலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அசதி. ஒருநாள் லோரியில் நின்றுகொண்டு "அதை எடு, அதை" என்று கத்துகிறேன், கயிறு என்ற சொல் வாயில் வரவில்லை. தொழிலாளிகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அந்த ஒரு சொல்லை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. நார்மல் என்று டாக்டர் சொன்னதும் கூட வந்தவர்கள் சிரிக்கிறார்கள், கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள். நானோ ஏதாவது ஒன்று உடைந்திருக்கக்கூடாதா, ஒரு எலும்பாவது விரிசல் விட்டிருக்கக்கூடாதா என்று ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடைந்திருந்தால் மாவுக்கட்டுப் போடுவார்கள். மாவுக்கட்டை ஊரே நம்பும்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு வைத்தியம். கோயோக் என்று மருந்துப் பட்டை விற்கிறார்களே, அதை முதுகு முழுக்க ஒட்டி ஒட்டித் தோல் புண்ணானதுதான் மிச்சம். ஒருவர் மின்யாக் என்கிற எண்ணெயைத் தேய்த்து உருவிவிடும் ஆளிடம் கூட்டிப்போனார். அவர் உருவிய உருவலில் மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. சர்க்கரை பாத்தியா என்று கேட்டவர்கள் பத்துப் பேர். மனசுதான் காரணம், எதையோ நினைச்சு உள்ள வச்சுக்கறே என்று கண்டுபிடித்தவர்கள் இருபது பேர். உள்ளே வைத்துக்கொள்ள எனக்கு எதுவும் இல்லை, வெளியேதான் வலித்தது.

எங்கள் சபையில் ஒரு சுகமளிக்கும் ஜெபக் கூட்டம் நடந்தது. பாஸ்டர் நல்லவர், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. முன்னால் அழைத்து, தலையில் கை வைத்து, உருக்கமாக ஜெபித்தார். ஜெபித்து முடித்து, மைக்கை என் வாயருகே நீட்டி, "இப்ப எப்படி இருக்கு, பிரதர்?" என்று கேட்டார். முன்னூறு கண்கள் என்னைப் பார்க்கின்றன. அவ்வளவு நேரம் நின்று ஜெபித்தவரிடம் இன்னும் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? "குறைஞ்ச மாதிரி இருக்கு, பாஸ்டர்" என்றேன். சபையே கை தட்டியது. என் தம்பி மூன்றாவது வரிசையில் நின்று எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். மறுநாள் காலையில் லோரியோடு வந்து, "அண்ணே, லாபிஸ்ல ரெண்டு கெமா, போலாமா?" என்றான்.

இது எங்கள் வளர்ப்பில் வந்த கோளாறு. பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அங்கே டிரெசர் என்று ஒரு மருத்துவ உதவியாளர் இருப்பார். அவர் எப்படி இருக்கே என்று கேட்டால் "நல்லா இருக்கேங்க ஐயா" என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் காய்ச்சலையோ வெட்டுக் காயத்தையோ காட்டுவோம். எடுத்த எடுப்பில் வலிக்கிறது என்று சொல்பவன் வேலைக்குச் சாக்குச் சொல்பவன். காயம் என்றால் காட்டலாம். காட்ட எதுவும் இல்லாத ஒரு நோய் அந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவனுக்கு வந்தால் அவன் என்ன செய்வான்?

கடைசியில் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த பெண் டாக்டர், மலாய்க்காரர், என் மகள் வயதிருக்கும், அதிகம் பேசவில்லை. கழுத்தோரம், முழங்கை, முழங்காலின் உள்பக்கம் என்று விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் என் உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு உட்காரச் சொல்லி, ஃபைப்ரோமயால்ஜியா என்றார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அத்தனை நாளில் முதல் முறையாக என் வலிக்கு ஒரு பெயர் கிடைத்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, தும்முவதுபோல நடித்துத் துடைத்துக்கொண்டேன்.

தசையில் பழுதில்லை, மூட்டில் பழுதில்லை, வலியைக் கொண்டுபோகும் நரம்பும் மூளையும்தான் அளவு தவறிவிட்டன என்று அவர் விளக்கினார். எங்கள் மைக் செட்டில் ஒலியைக் கடைசிவரை திருகி வைத்தால் ஒருவர் மேடையில் தொண்டையைச் செருமினாலே இடி இடிக்குமே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன். செருமல் பொய் இல்லை, இடியும் பொய் இல்லை. அடியோடு குணமாகும் என்று வாக்குக் கொடுக்கமுடியாது, ஆனால் தணிக்கலாம் என்றார். இரவில் ஒரு சிறு மாத்திரை. தினமும் நடை, பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வேலையைத் துண்டு துண்டாகச் செய்யவேண்டும், முடியாமல் போன பிறகு நிறுத்தக்கூடாது, முடிகிறபோதே நிறுத்தவேண்டும்.

முடிகிறபோதே நிறுத்துவதாம். சொல்வதற்குச் சுலபம். இதைவிடக் கஷ்டமான மருந்தை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. ஐம்பது நாற்காலியை இறக்கிவிட்டு, இன்னும் நூறு இறக்கத் தெம்பிருக்கும்போதே போய் உட்காரவேண்டும். உட்கார்ந்தால் தம்பி ஒரு பார்வை பார்ப்பான். வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டான், பார்வை ஒன்றே போதும். அந்தப் பார்வைக்காகவே எழுந்து நூறையும் இறக்குவேன். உடம்பு கொஞ்சம் நன்றாக இருக்கிற நாளில் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்து காட்டுவேன். அடுத்த மூன்று நாள் படுக்கை. நேற்று அப்படி வேலை செய்தவர் இன்றைக்கு எப்படிப் படுத்துக்கிடக்கிறார் என்று அவனுக்குச் சந்தேகம். சந்தேகத்துக்குத் தீனி போட்டவனே நான்தான்.

அப்படி நன்றாக இருந்த ஒரு நாளில்தான் அது நடந்தது. ஒரு கல்யாண வீட்டில் மூன்று கெமாவைத் தூக்கி நிறுத்திவிட்டு, நான்காவதைத் தூக்கிப் பிடித்திருந்தோம். என் வலது கை திடீரென்று என்னுடையதாக இல்லாமல் போனது. வலிகூட இல்லை, கையில் பலமே இல்லை. சட்டம் என் பக்கமாகச் சரிந்தது. தொழிலாளிகள் இருவரும் விலகிக்கொண்டார்கள், தம்பியின் கால்மேல் இரும்பு விழுந்தது. எலும்பு தப்பியது. பாதம் வீங்கி இரண்டு வாரம் நொண்டினான். அந்த இரண்டு வாரம் முடிந்த பிறகுதான் காகிதம் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மறுபடியும் ஜொகூர் பாரு. மனைவியைக் கூப்பிடவில்லை, அவள் பாலர் பள்ளியில் வேலை செய்கிறாள், அடிக்கடி விடுப்புக் கேட்கமுடியாது. டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, தலைவாரி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி போய் உட்கார்ந்தேன். இந்த முறை வேறு டாக்டர், இளைஞர். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆப்பா காபார், அங்கிள்?" என்று நலம் விசாரித்தார்.

"காபார் பாயிக், டாக்டர்" என்றேன்.

நன்றாக இருக்கிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம். யார் கேட்டாலும் எல்லாரும் சொல்கிற பதில் அது. அடுத்து அவர் கேட்பார், அப்போது கையைப் பற்றிச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். ஒத்துக்கொள்கிறது என்றேன். உண்மை, வாந்தி மயக்கம் எதுவும் இல்லை. வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். போகிறேன் என்றேன். அதுவும் உண்மை. அவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். இடையில் பேசினால் மரியாதை இல்லையோ என்று சும்மா இருந்தேன். கடைசியில், வேலை இடத்துக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று மட்டும் மலாயில் கேட்டேன். தாராளமாக என்று அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். நான்கே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

ஒட்டின உறையை நான் பிரிக்கவில்லை. டாக்டர் கடிதத்தை நோயாளி பிரிக்கக்கூடாது என்பதும் தோட்டத்தில் படித்த பாடம்தான். சிகாமட் வரைக்கும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏதோ பட்டம் வாங்கியவன் போல வந்தேன். ஸ்டோரில் தம்பி நாற்காலிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு உறையைக் கிழித்தான். ஆங்கிலத்தில் இருந்ததை மெதுவாகப் படித்தான். பிறகு என்னிடமே நீட்டினான்.

நோயாளி நலமாக இருக்கிறார். புகார் எதுவும் இல்லை. மருந்து ஒத்துக்கொள்கிறது. வழக்கமான வேலையைச் செய்யலாம்.

"அப்ப நாளைக்குப் பெக்கோக் வேலைக்கு வரீங்கதானே?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சாதாரணமாகத்தான் சொன்னான்.

போனேன். ஆத்திரத்தில் போனேன். எந்தப் பக்கம் பாரமோ அந்தப் பக்கம் போய் நின்றேன். ஐந்து கெமா. கடைசிக் காலைச் சொருகும்வரை கையை விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். யாரைத் தண்டிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு ஆறு நாள் படுக்கை. கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். மனைவி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், கரண்டியை வாய்வரை தூக்கக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் அந்தக் கடிதத்தைப் படித்தாள்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

"கேட்டா சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? என்கிட்ட மட்டும் விடியறதுலேர்ந்து அடையற வரைக்கும் புலம்பத் தெரியுதுல்ல?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அவரைக் குத்தம் சொல்லி என்ன செய்ய? நல்லா இருக்கேன்னு சொன்னா நல்லா இருக்கேன்னுதான் எழுதுவாரு."

அவள் பாலர் பள்ளியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தாள். அட்டையில் முயல் படம். தினமும் எத்தனை மணிக்கு எழுந்தேன், எங்கே வலி, என்ன வேலை, எத்தனை நேரம், அதற்கு மறுநாள் எப்படி இருந்தது என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. வலி எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை. நான் நல்லவன் என்று நிரூபித்த ஒவ்வொரு நாளுக்கும் அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ அது வந்திருந்தது. இதையேதான் அந்தப் பெண் டாக்டர் முதல் நாளே சொன்னார். என் மண்டையில் ஏற ஒரு முயல் நோட்டு தேவைப்பட்டது.

அடுத்த முறை மனைவி விடுப்புப் போட்டுக் கூடவே வந்தாள். அதிர்ஷ்டவசமாக அந்தப் பெண் டாக்டரே இருந்தார். நலம் விசாரித்தார். என் வாய் பழக்கத்தில் திறந்தது, மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். "பாயிக் இல்லை, டாக்டர்" என்று தமிழும் மலாயுமாக உளறினேன். பிறகு நோட்டை வைத்துக்கொண்டு கை போனது, இரும்பு விழுந்தது, ஆறு நாள் படுத்தது, சோறு, கழிப்பறை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தட்டச்சு செய்யாமல் என் முகத்தைப் பார்த்தே கேட்டார். புதிய கடிதத்தில் நோயின் பெயர், தலைக்கு மேலே பாரம் தூக்கக்கூடாது, இடைவெளி விட்டு வேலை செய்யவேண்டும் என்று தெளிவாக எழுதி, உறையில் போடாமலே என் கையில் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார்.

தம்பி அதை லோரிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு முறை படித்தான். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். "சரிண்ணே" என்றான். அவ்வளவுதான். மறுநாளே நான்காவது ஆளாக ஒருவரைப் பிடித்துவிட்டான். என் பங்கில் கை வைக்கவில்லை, தொழிலைவிட்டுப் போகச் சொல்லவும் இல்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாவு வீடு. காலை பத்து மணி, நல்ல வெயில். நான் நாற்காலிகளை விரித்துப் போட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் ஆனதும் டாக்டர் சொன்னபடி உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் நான்கு பேரும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் மைத்துனர் வாசலில் நின்றுகொண்டு, "அவரு ஏன் உக்காந்திருக்காரு? ஒரு கை குடுக்கலாம்ல?" என்று கேட்டார். மோசமான மனிதர் இல்லை, கேட்டுவிட்டார்.

"அவரால முடியாது, அங்கிள். அண்ணனுக்கு உடம்புல சீக்கு. டாக்டர் லெட்டர் இருக்கு" என்றான் தம்பி, சட்டத்தைத் தாங்கிப் பிடித்தபடி, சாலையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி.

அவன் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். எனக்கோ எழுந்துபோய் அவன் கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும்போல இருந்தது. முடியாது என்று நான் நான்கு வருடமாகச் சொன்னதை அவன் வாயால் ஊர் முன்னால் கேட்டபோது அவமானமாக இருந்தது. மைத்துனர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரக்கப்பட்டார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

வேலை முடிந்ததும் தம்பி தேத்தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஒன்றை என்னிடம் கொடுத்தான். உறிஞ்சுகுழலை வாயில் வைத்துப் பாதிவரை குடித்தான்.

"அன்னிக்கு என் கால்ல விழுந்திச்சே. அப்பவும் உடம்பு இப்படித்தான் இருந்திச்சா?"

"ஆமா."

"பெக்கோக் போனமே, அஞ்சு கெமா, அன்னிக்கு?"

"அன்னிக்கு இதைவிட மோசம்."

அவன் பாதி குடித்த பையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "சொல்லியிருக்கலாம்லண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கியிருப்பேனே."

"பாஸ்டர்கிட்ட சொல்லல. அந்த டாக்டர்கிட்ட சொல்லல. உன்கிட்ட சொன்னேன்டா. லோரியில வச்சுச் சொன்னேன், ஸ்டோர்ல வச்சுச் சொன்னேன். வீட்டுக்கு வெளிய நாலு வருஷமா உன்கிட்ட மட்டும்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். கண்ணைத் துடைத்தானா, வியர்வையைத் துடைத்தானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு இன்னும் கோபமாகத்தான் இருந்தது.